ஊரறிந்த நடத்தை

1653 ஜனவரி 3-ஆம் தேதி கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள். எல்லோரும் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். கல் சிலுவையோ ஒன்றுதான். ஆகவே அதில் வடக்கயிறுகளைக் கட்டி நாலா பக்கமும் நீட்டிவிட்டார்கள். எட்டியவர்கள் கல்லைத் தொட்டார்கள், எட்டாதவர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். அத்தனை பேர் இழுத்த இழுப்பில் சிலுவையே சாய்ந்துவிட்டது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. ‘கூனன் குரிசு’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. பழைய பண்டகசாலைகளும் மிளகு வாசமும் நிறைந்த மட்டாஞ்சேரியில், அந்தப் பெயர் தாங்கிய சுறியானிப் பள்ளி இன்றும் இருக்கிறது. கேரளக் கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயம் என்றால் பள்ளிதான்.

அன்று அவர்கள் செய்த சத்தியம், கொடுங்கல்லூர் பேராயர் ஃபிரான்சிஸ்கோ கார்சியாவை இனி மேய்ப்பராக ஏற்க மாட்டோம் என்பது. அவருடைய இயேசு சபையாரை ஊரில் ‘சம்பாளூர் பாதிரிமார்’ என்பார்கள். அவர்களுக்கும் இனிக் கீழ்ப்படிவதில்லை என்றார்கள். சத்தியத்தின் சொற்கள் சரியாக எவை என்பதில் கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் இன்றுவரை வழக்குண்டு. ரோமாபுரியையே மறுத்தார்கள் என்பது ஒரு கட்சி. மறுத்தது அந்தப் பேராயரையும் அந்தப் பாதிரிமாரையும் மட்டுமே என்பது இன்னொரு கட்சி.

அந்த வழக்கு அறிஞர்களோடு இருக்கட்டும். அந்தக் கயிற்றைப் பிடித்தவர்கள் வேறொன்றையும் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். தேவ ஊழியர் என்று ஒருவரை எதை வைத்து ஏற்பது? பட்டத்தை வைத்தா, நடத்தையை வைத்தா? நடத்தை என்றால் அதை யார் பார்த்துச் சொல்வது? இந்தக் கேள்விகள் பலிபீடத்தோடு நிற்பவை அல்ல. கல்யாணப் பந்தலிலும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் இதே கேள்விதான் வந்து நிற்கிறது. கொச்சியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டு அதிகம் நகராமலே நானூறு ஆண்டுக் காலத்தில் இதற்கு வந்த பதில்களைப் பார்க்க முடியும். சில பதில்கள் பெருமைப்பட வைக்கின்றன. சில வெட்கப்பட வைக்கின்றன.

கார்சியா சாமானியர் அல்லர். நல்ல கல்விமான், இந்தியக் கதைகளைப் போர்த்துக்கீசிய மொழிக்குக் கொண்டுபோனவர். அவர் மீது மக்களுக்கு இருந்த மனத்தாங்கல் படிப்பைப் பற்றியது அல்ல. நஸ்ராணிகளுக்கு (கேரளத்தின் பழைய சுறியானிக் கிறிஸ்தவர்களுக்கு) ‘அர்க்கதியாக்கோன்’ என்று உள்ளூர்த் தலைவர் ஒருவர் உண்டு. பாரசீகத்திலிருந்து மெத்ரான்கள் (ஆயர்கள்) வந்த காலத்திலும் சமூகத்தின் அன்றாட நிர்வாகம் அவர் கையில்தான் இருந்தது. அப்போதைய அர்க்கதியாக்கோன் குறவிலங்காட்டுப் பறம்பில் குடும்பத்துத் தோமா. கார்சியா அவரைக் கலந்துகொள்வதே இல்லை. ஆண்டுக்கணக்காகப் புகைந்துகொண்டிருந்தது.

1652-ல் நம் மயிலாப்பூருக்கு அகத்தல்லா என்றொரு கீழைத்திருச்சபை மெத்ரான் வந்து சேர்ந்தார். போர்த்துக்கீசியர் அவரைப் பிடித்து இயேசு சபையாரின் கல்லூரியில் வைத்தார்கள். தோமையார் கல்லறையைத் தரிசிக்கக் கேரளத்திலிருந்து வந்த இளம் சம்மாசன்கள் (திருத்தொண்டர்கள்) அங்கே அவரைச் சந்தித்தார்கள். அவர் கொடுத்த கடிதத்தைப் பத்திரமாகத் தோமாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிறகு அகத்தல்லாவை ஏற்றிய கப்பல் கோவா போகும் வழியில் கொச்சியில் நின்றது. செய்தி கேட்டு மக்கள் மட்டாஞ்சேரியில் திரண்டார்கள். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அவரை எங்கள் கண்ணில் காட்டுங்கள், அவர் வைத்திருக்கும் பத்திரங்களைப் படித்துப் பாருங்கள், பொய்யர் என்றால் தண்டியுங்கள். இவ்வளவுதான். போர்த்துக்கீசியத் தளபதி மறுத்தார். பேராயர் வெளியே வந்து மக்களைப் பார்க்கவில்லை. கப்பல் போய்விட்டது. அகத்தல்லாவைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. கூட்டம் கயிற்றைப் பிடித்தது.

அன்று மட்டாஞ்சேரிக்கு வந்து பத்து நிமிடம் நின்றிருந்தால் கார்சியாவால் ஒரு பிளவைத் தடுத்திருக்க முடியும் என்றே நான் நம்புகிறேன். மேய்ப்பர் வெளியே வரவில்லை என்பதை அந்த மக்கள் மறக்கவே இல்லை.

ஆனால் கயிற்றைப் பிடித்தவர்களை மட்டும் தேவதூதர்களாக்கிவிட முடியாது. அகத்தல்லாவை யாரும் மூழ்கடிக்கவில்லை. அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார், பாரீஸில் இறந்தார் என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சத்தியம் செய்த கையோடு, அதே 1653 மே 22-ல் ஆலங்காட்டில் பன்னிரண்டு கத்தனார்கள் (உள்ளூர்க் குருக்கள்) தோமாவின் தலையில் கை வைத்து அவரை மெத்ரானாக்கினார்கள். முதலாம் மார் தோமா அவர்தான். மெத்ரானை அபிஷேகம் செய்ய இன்னொரு மெத்ரான் வேண்டும் என்பது திருச்சபை முறைமை. அகத்தல்லாவே எழுத்து மூலம் அனுமதி தந்திருக்கிறார் என்று ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. அது ஆஞ்ஞிலிமூட்டில் இட்டித்தொம்மன் கத்தனார் தயாரித்த போலிக் கடிதம் என்கிறார்கள் கத்தோலிக்க வரலாற்றாசிரியர்கள். மறுதரப்பு அதை ஒப்புவதில்லை. எப்படியானாலும் அந்தச் சந்தேகம் மார் தோமாவை விடவில்லை. அவருடைய நான்கு ஆலோசகர்களில் ஒருவரும் உறவினருமான பறம்பில் சாண்டியே பிறகு எதிரணிக்குப் போனார். 1663-ல் கடுத்துருத்தியில் கர்மலீத்த மெத்ரான் செபஸ்தியானி அவரை மெத்ரானாக்கினார். ஒரே குடும்பம், இரண்டு மெத்ரான்கள். 116 பள்ளிகளில் 84 சாண்டியோடு போயின, 32 மார் தோமாவோடு நின்றன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

நியாயமான கோபம் நேர்மையில்லாத ஒரு காகிதத்தின் மேல் நின்றதாகச் சந்தேகம் வந்தாலே போதும், காரியம் கெட்டுவிடுகிறது. இன்று சபை வழக்குகளில் கட்சி கட்டி நிற்பவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

தேசக்குறி

நடத்தையை யார் அளப்பது என்பதற்கு நஸ்ராணிகளிடம் அருமையான ஏற்பாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் பள்ளியோகம். பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர்கள் கத்தனாரோடு கூடி உட்காரும் சபை. பள்ளிச் சொத்து, கைக்காரர்கள் காட்டும் வரவு செலவு, ஊரில் நடந்த தவறு எல்லாமே அங்கே வரும். பகிரங்கமாகத் தவறு செய்தவரைத் திருப்பலியில் சேரவிடாமல் ஒதுக்கிவைக்கும் அதிகாரமும், மனம் திரும்பினால் திரும்பச் சேர்க்கும் அதிகாரமும் அதற்கு இருந்தன.

ஓர் இளைஞன் குருப்பட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் முதலில் அவனுடைய பள்ளியோகம் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதக் கடிதத்துக்குத் தேசக்குறி என்று பெயர். அது கையில் இல்லாமல் மெத்ரான் அவன் தலையில் கை வைக்க மாட்டார். சிறுவயது முதல் அவனைப் பார்த்தவர்கள், அவன் அப்பனோடு வியாபாரம் செய்தவர்கள், அவன் கடன் வாங்கித் திருப்பினானா இல்லையா என்று அறிந்தவர்கள், இவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும்: இவன் எங்களுக்குக் குருவாக இருக்கத் தகுந்தவன் என்று. கல்யாணத்துக்கும், மார் தோமாவின் வழிவந்த மலங்கரை சபைகளில், இன்னொரு பள்ளியில் பெண்ணெடுப்பவன் தன் பள்ளியிலிருந்து தேசக்குறி கொண்டுபோகும் வழக்கம் இன்றும் உண்டு. குருவுக்கும் மணமகனுக்கும் ஒரே சாட்சிப் பத்திரம்!

பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் கண்காணியின் தகுதிகளைச் சொல்லிவரும்போது, தன் சொந்த வீட்டை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி நடத்துவான் என்ற பொருளில் கேட்கிறார். புறம்பே இருப்பவர்களிடமும் அவனுக்கு நல்ல பெயர் இருக்க வேண்டும் என்கிறார். பிரசங்கம் எப்படிச் செய்கிறார் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிதான். மற்றதெல்லாம் வீடு, பணம், கோபம், குடி, விருந்தோம்பல். தேசக்குறி அந்தப் பட்டியலின் நாட்டு வடிவம். நம்மூர்ச் சபைகளில் ஊழியரைத் தேர்ந்தெடுக்கும்போது குரல்வளத்தையும் கூட்டம் சேர்க்கும் திறமையையும் பார்க்கிற அளவுக்கு, அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுபவரிடம் யாராவது விசாரிக்கிறோமா?

மனைவிகளுக்கு என்ன ஆயிற்று?

கொச்சிக்குத் தெற்கே, திருப்பூணித்துறைக்குப் பக்கத்தில் உதயம்பேரூர் இருக்கிறது. 1599 ஜூன் 20 முதல் 26 வரை கோவா பேராயர் அலெய்ஷோ தெ மெனேசிஸ் அங்கே ஒரு சூனகதோஸ் (திருச்சபைப் பேரவை) கூட்டினார். கத்தனார்களும் பங்குப் பிரதிநிதிகளுமாக எண்ணூறுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். சுறியானி ஏடுகளைப் பறித்து அழித்ததற்காகக் கேரளக் கிறிஸ்தவர்கள் அந்தப் பேரவையை இன்றும் மன்னிக்கவில்லை. அது நியாயமான கோபமே. ஆனால் அதன் தீர்மானங்களைப் பொறுமையாகப் படித்தால், பேரவை வேதாகமத்தோடு நிற்காமல் வீட்டுக்குள்ளேயே புகுந்திருப்பது தெரியும். குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்யாதே, ஆணுக்குப் பதினான்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டும் ஆக வேண்டும் என்றது. மந்திரவாதியிடம் போகாதே, அநியாய வட்டி வாங்காதே என்றது. தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்டவனைத் தொட்டதற்காகக் குளிப்பது கிறிஸ்தவனுக்கு அடுக்காது என்றது. அதையும், நாயர்கள் பார்க்கும் இடமானால் ஊர் வழக்கப்படி நடந்துகொள்ளலாம் என்ற சலுகையோடு சொன்னது! கிறிஸ்தவ நடத்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் முகம் பார்த்து விலக்கு தருவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அந்தப் பேரவை கத்தனார்களின் கல்யாணத்திலும் கை வைத்தது. நஸ்ராணிக் குருக்கள் மணமானவர்கள். கத்தனாரின் மனைவிக்குப் பள்ளியில் மரியாதையான இடம் உண்டு. இனிக் குருக்கள் மணம் செய்யக் கூடாது, ஏற்கெனவே மணந்தவர்கள் மனைவியை விட்டுப் பிரிய வேண்டும், பிரியாதவர்கள் குருப்பணி செய்யக் கூடாது என்று தீர்மானமாயிற்று. பிரிந்துபோகும் மனைவிக்குப் பழைய மரியாதை தொடரும் என்று ஆறுதலும் சேர்த்தார்கள். பள்ளியில் முன்னிடம் கிடைக்கும், வீட்டில் புருஷன் கிடையாது. பிள்ளைகள் யாரோடு இருந்தார்கள்? வயதான மாமியாரை யார் பார்த்துக்கொண்டார்கள்? எனக்குத் தெரிந்து அந்தப் பெண்களின் வாய்ச்சொல் எதுவும் எந்த ஏட்டிலும் இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. மதுரை மிஷனின் அருளானந்தர், ஜான் தெ பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். அவரிடம் ஞானஸ்நானம் கேட்ட தடியத்தேவருக்குப் பல மனைவியர். ஒருத்தியோடு மட்டுமே வாழ வேண்டும் என்று அருளானந்தர் சொன்னார், தடியத்தேவரும் அப்படியே மற்றவர்களை அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவு. அவள் அரண்மனையில் போய் முறையிட்டாள், அருளானந்தரின் தலை போயிற்று. அந்த அம்மாளைப் பழிவாங்கும் குணமுள்ளவள் என்று சொல்லியே நம் பிரசங்கங்கள் பழகிவிட்டன. அருளானந்தரின் உறுதி மகத்தானது. தான் போதித்ததற்காக உயிரையே கொடுத்த மனிதர் அவர். ஆனாலும் ஒரு புருஷன் நல்ல கிறிஸ்தவன் ஆவதற்கான விலையை, ஊரறியக் கைவிடப்பட்ட பெண்களும் கொடுத்தார்கள் என்று சொல்வதில் அவர் புகழுக்கு ஒரு குறையும் வராது. ஒருவனுடைய பரிசுத்தத்தால் அவனோடு வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்காமல் அந்தப் பரிசுத்தத்தை முழுதாக அளக்க முடியாது.

கூனன் குரிசுக்குப் பின் மார் தோமாவோடு நின்ற பக்கத்தில் மணமான குருக்கள் மீண்டும் வந்தார்கள். இன்றும் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய, மார்த்தோமா சபைகளில் அப்படித்தான். ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய மரபில் கல்யாணம் செய்வதானால் கஸீசா (குரு) பட்டத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். மனைவி இறந்தால் மறுமணம் கிடையாது. மெத்ரான்கள் துறவிகளிலிருந்து மட்டுமே. இந்தச் சபைகளில் குருவின் மனைவியைப் பஸ்கியாம்மா என்று அழைப்பார்கள். பங்கில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பலிக்கு வருகிறாள் என்பது முதலில் எட்டுவது பல இடங்களில் அவர் காதுக்குத்தான். குருவின் குணத்துக்கும் அவரைவிட நெருங்கிய சாட்சி இல்லை. துறவறமும் பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் துறவிக்கும் இப்படி அருகிருந்து பார்க்கும் ஒருவர் வேண்டும். அவருடைய பங்கு மக்களாவது அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

எலீஸ்வா

கொச்சிக் கழிமுகத்தின் அக்கரையில் வைப்பீன் தீவு. அதில் ஓச்சந்துருத்தில் 1831 அக்டோபர் 15-ல் பிறந்தவர் எலீஸ்வா. 1847-ல் பதினாறு வயதில் வாகயில் குடும்பத்துக்கு மருமகளாகப் போனார். 1850-ல் மகள் அன்னா பிறந்தாள். மறு ஆண்டே கணவர் இறந்தார். இருபது வயதில் கையில் குழந்தையோடு விதவை. மறுமணத்துக்கு வீட்டார் சொன்னதை மறுத்துவிட்டார். வீட்டை ஒட்டிய சிறு குடிலில் ஜெபமும் பிள்ளை வளர்ப்புமாகப் பத்தாண்டுகளுக்கு மேல் போயின. 1866 பிப்ரவரி 13-ல் கூனம்மாவில் மூங்கில் தட்டிகளால் கட்டிய ஒரு மடத்தில், தங்கை திரேசாவும் மகள் அன்னாவும் உடன் நிற்க, இந்தியப் பெண்களுக்கான முதல் கார்மேல் சபை தொடங்கியது. 1868-லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

மனைவியாகவும் தாயாகவும் விதவையாகவும் வாழ்ந்து பார்த்த ஒருவர் துறவியானார் என்பதே எனக்கு இதில் பெரிது. ஒரே வீட்டில் வளர்ந்த தங்கையும் வயிற்றில் பிறந்த மகளும் ஒரு பெண்ணைத் தலைவியாக ஏற்று அவள் பின்னே நடக்கிறார்கள் என்றால், அவளுடைய நடத்தைக்கு அதைவிட வேறு தேசக்குறி ஏது? சோதனையும் வந்தது. 1890-ல் சுறியானி, லத்தீன் என்று ரீத்து (வழிபாட்டு முறை) வாரியாகச் சபையைப் பிரித்தபோது, தான் தொடங்கிய மடத்தையே விட்டு எலீஸ்வா வெளியேற வேண்டியதாயிற்று. போனார். வராப்புழையில் மறுபடி தொடங்கினார். 1913 ஜூலை 18-ல் அங்கேயே இறந்தார். மட்டாஞ்சேரிச் சத்தியத்திலிருந்து தொடங்கிய பிரிவினைகளின் ஊரில், பிரிக்கப்பட்ட வீட்டிலிருந்து வழக்குப் போடாமல் வெளியே போன ஒரு பெண்ணை 2025 நவம்பர் 8-ல் வல்லார்பாடத்தில் திருச்சபை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

மகளின் பங்கு

உதயம்பேரூர் தீர்மானங்களில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. ஆண்களுக்கு மட்டுமே தகப்பன் சொத்து, மகள்களுக்கு ஒன்றுமில்லை, மகன் இல்லாத வீட்டிலும் தூரத்து ஆண் உறவுக்குச் சொத்து போய்விடுகிறது, இது அநியாயம் என்று அந்தப் பேரவை கண்டித்தது. ஆண்டு 1599.

சுறியானிக் கல்யாணத்தில் மணமகன் கட்டும் தாலிக்கு மின்னு என்று பெயர். இலை வடிவத்தில் இத்தனூண்டு பொன், அதில் பொடிமணிகளால் ஒரு சிலுவை. அதைக் கோப்பது கடைச் சரட்டில் அல்ல. மணமகன் போர்த்தப் போகும் மந்திரகோடிப் புடவையிலிருந்து ஏழு நூல் உருவி, முறுக்கி, அதில் கோப்பார்கள். புடவையும் தாலியும் ஒரே இழை. பார்க்கவே மனம் நிறையும். அதே கல்யாணத்துக்கு முன் ஸ்திரீதனம் பேசி முடித்திருப்பார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு பள்ளிக்கு. பசாரம் என்று அதற்குப் பெயரே வைத்து வாங்கினார்கள். பள்ளி வரதட்சணையைக் கண்டிக்க முடியாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றது. கொச்சி சமஸ்தானத்துக்கும் 1921-ல் தனிச்சட்டம் வந்தது. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். வழக்கின் வேர் நம் ஊட்டியில் இருந்தது. கணவரை விட்டுப் பிரிந்து இரண்டு குழந்தைகளோடு, இறந்துபோன தகப்பனாரின் ஊட்டி வீட்டில் தங்கியவரைச் சொந்த அண்ணனே காலி செய்யச் சொன்னார். 1986 பிப்ரவரி 24-ல் தீர்ப்பு. 1951-லேயே அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாததாகிவிட்டது, இந்திய வாரிசுச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றது நீதிமன்றம்.

உதயம்பேரூரிலிருந்து 387 ஆண்டுகள்! இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு ஞாயிறும் அன்பைப் பற்றிப் பிரசங்கம் நடந்துகொண்டுதான் இருந்தது. தீர்ப்பு வந்ததும் பள்ளிகள் மணியடித்துக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் குடும்பங்கள் உடையும், பழைய பாகப்பிரிவினைகள் குலையும் என்று சபைத் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். மகளை ஒதுக்கி உயில் எழுதிவைப்பது அதிகமாயிற்று. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறோம் என்று சொல்லும் வாயால் மகளுக்குக் கால் ஏக்கர் இல்லை என்று சொல்ல எப்படி மனம் வந்தது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

மேரி ராயின் கதையிலும் இன்னொரு பக்கம் உண்டு. லட்சக்கணக்கான பெண்களுக்கு நியாயம் வாங்கித் தந்த அதே தாய், வீட்டுக்குள் பிள்ளைகளிடம் எத்தனை கடுமையாக நடந்துகொண்டார் என்பதை மகள் அருந்ததி ராய் 2025-ல் வந்த தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். அன்போடும் வலியோடும் எழுதியிருக்கிறார். மேரி ராய் பெற்றுத் தந்த தீர்ப்பு அதனால் ஒரு மாற்றும் குறையாது. ஆனால் உள்ளே இருந்தவர் சொல்லும் சாட்சியையும் சேர்த்தே ஒரு மனிதரை அறிய வேண்டியிருக்கிறது.

இன்றைய பூட்டுகள்

2017 ஜூலை 3-ல் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகளின் பள்ளி உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1934-ஆம் ஆண்டின் சபைச் சட்டப்படியே பள்ளிகள் நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பள்ளிகள் கைமாறின, பூட்டப்பட்டன, வாசலில் போலீஸ் நின்றது. குடும்பக் கல்லறையில் புதைக்க வழியில்லாமல் பிணம் வாரக்கணக்கில் காத்திருந்ததும் நடந்தது. கடைசியில் கிறிஸ்தவனைக் கிறிஸ்தவன் கல்லறையில் புதைக்கவிடுவதற்கென்றே கேரள சட்டமன்றம் 2020-ல் தனிச் சட்டம் போட்டது. எரணாகுளத்தில் சீரோ மலபார் சபையின் பேராலயத்தில், திருப்பலியில் குரு எந்தத் திசை பார்த்து நிற்பது என்ற சண்டை 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பலிபீடத்திலேயே கைகலப்பாயிற்று. பேராலயம் பூட்டப்பட்டது.

இவர்கள் எல்லோருடைய வழிபாட்டிலும் ஒரு சடங்கு பொது. திருப்பலியின் நடுவே சமாதானம் பலிபீடத்திலிருந்து புறப்படும். குருவின் கைகளைத் தொட்டவர் வந்து முன்வரிசையில் நிற்பவரின் கூப்பிய கைகளைத் தன் இரு கைகளால் தழுவுவார். அவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று கடைசி வரிசைவரை கையிலிருந்து கைக்குப் போகும். பெரிய வியாழன் இரவில் வீட்டிலும் அப்படித்தான். பெசகா அப்பத்தின் மேல் குருத்தோலைச் சிலுவை வைத்து, ஜெபித்து, வீட்டுத் தலைவரான காரணவர் அதை முறித்து வயது வரிசையில் கொடுப்பார். வழக்கில் எதிர்த்து நிற்கும் அண்ணன் தம்பிகள் இதை எந்த முகத்தோடு வாங்குகிறார்கள்? சட்டத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பிணத்தை வாசலில் நிறுத்திய இருதரப்பிலும் தேசக்குறி தரத் தகுந்தவர்கள் இல்லை என்பதே என் எண்ணம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதெல்லாம் அக்கரைச் சமாசாரம் அல்ல. பிஷப் தேர்தல், அறக்கட்டளைச் சொத்து, கல்லூரி நியமனம் என்று நம் பேராயங்களிலும் நீதிமன்றப் படி ஏறாதவை குறைவு. கத்தோலிக்கப் பங்குகளில் சாதி பார்த்துத் தனிக் கல்லறை கட்டிய சுவர்கள் இன்னும் எல்லா ஊரிலும் இடிந்துவிடவில்லை. வரதட்சணையைக் கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். ஆனாலும் பெண்ணின் நகையைச் சவரன் கணக்கில் பேசி முடித்துவிட்டுத்தான் ஜெபத்தோடு நிச்சயதார்த்தம் நடத்துகிறோம்.

நம் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். இந்த மணத்துக்குத் தடை அறிந்தவர் யாரானாலும் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று சபை நடுவே கேட்கிறார்கள். தேசக்குறியைப் போலவே இதுவும் ஊர் சொல்ல வேண்டிய சாட்சி. மணமகன் வீட்டார் இத்தனை சவரனும் காரும் கேட்டார்கள் என்று தெரிந்தால், அவன் குடித்துவிட்டுத் தாயை அடிக்கிறான் என்று தெரிந்தால், போய்ச் சொல்லுங்கள். குருப்பட்டத்துக்குப் பெயர் அறிவிக்கும்போதும் அப்படியே. பங்குத்தந்தையரே, சொல்ல வருபவரை விரட்டாமல் உட்காரவைத்துக் கேளுங்கள். மகளைப் பெற்றவர்களே, கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதற்கு முன் அவளுக்குரிய சமபங்கைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள்.